பின்னலும் ஸ்பெல்லிங்கும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பிறர் சொல்லித் தெரிந்துகொண்டதில்லை, எனக்கே தெரியும். கல்கத்தாவில் குடித்தனம் வைத்த முதல் வருஷத்திலேயே பால்காரனோடு, வீட்டுச் சொந்தக்காரரோடு, குழாயடியில் மூன்று பேரோடு சண்டை போட்டு முடித்திருந்தேன். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவர்களுக்குத் தெரியாது. அப்படியும் போட்டேன். ஆனால் நான் இப்போது எழுத உட்கார்ந்தது அந்தக் கோபங்களைப் பற்றி இல்லை. பெற்ற பெண்ணிடம் காட்டின கோபத்தைப் பற்றி.

என் வீட்டுக்காரருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஆபீஸுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியாது, கப்பல்களின் புகைக்குழாய்கள் மட்டும் தெரியும். உலர்த்தின துணியில் கரி படியும். கீழே ஒரு வங்காளி அம்மாள். எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் அவளை மாஷிமா என்றே கூப்பிட்டோம்.

நான் கும்பகோணத்தில் பெண் பள்ளிக்கூடத்தில் நாலாம் கிளாஸ் வரைக்கும் படித்தவள். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், இங்கிலீஷ் டிக்டேஷனில் என்னை ஜெயிக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. பன்னிரண்டு வயசில் கழுத்தில் தாலி ஏறிற்று. ஸ்லேட்டு பரணில் ஏறிற்று. எனக்குப் பெண் பிறந்தபோது, இவளையாவது நாலாம் கிளாஸோடு நிறுத்தவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அவளுக்குப் பதினொரு வயசு நடக்கும்போது அந்த நாலாம் கிளாஸே வந்து நின்றது. கிதிர்ப்பூரில் துரைசானிகள் நடத்திய பெண் பள்ளிக்கூடம். காலையில் பள்ளிக்கூடத்துக் குதிரை வண்டி வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும். நாலிலிருந்து ஐந்துக்குப் போக வேண்டுமானால் டிக்டேஷனில் இருபது வார்த்தை சொல்வார்கள், குறைந்தது பதினைந்து சரியாக எழுத வேண்டும். என் பெண் ஏழு எழுதினாள். துர்கா பூஜை லீவு முடிந்து வந்து இன்னொரு தரம் எழுதட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதே வாரம் கும்பகோணத்திலிருந்து என் நாத்தனார் கடிதாசி. பையன் இருக்கிறான், ஜாதகம் பொருந்தியிருக்கிறது, தை மாசம் வைத்துக்கொள்ளலாம், என்ன சொல்கிறீர்கள் என்று. என் வீட்டுக்காரர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பூஜை லீவு முடியட்டும். பாஸ் பண்ணினா படிக்கட்டும். இல்லேன்னா இதுக்குப் பதில் எழுதிடறேன்" என்றார்.

நியாயமான மனுஷர்தான். பதினொரு வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு மற்ற தமிழ்க் குடும்பங்கள் மத்தியில் அவர் தலைகாட்ட வேண்டுமே. ஆக, அந்த இருபது வார்த்தையில் பதினைந்து வந்தால் அவளுக்குப் பள்ளிக்கூடம், வராவிட்டால் கல்யாணம். எனக்கு ஆனது மாதிரியே.

நான் இடுப்பில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காரியத்தில் இறங்கினேன்.

பக்கத்துத் தெருவில் இன்னொரு ரயில்வே குமாஸ்தா குடும்பம் இருந்தது. அவர்களுடைய மூன்று குழந்தைகளும் மத்தியானம் என்னிடம் வந்து படிக்கும். என் பெண்ணோடு நாலு. கூடத்தில் பாய் போட்டு என் எதிரே வரிசையாக உட்கார வைப்பேன். விதிகளை எல்லாம் பாட்டாகக் கட்டி வைத்திருந்தேன். 'ஐ முந்தி, ஈ பிந்தி, ஸி வந்தால் ஈ முந்தி' என்று நாலும் கோரஸாகச் சொல்லும். 'கடைசி ஈ ஊமை ஈ, இங் வந்தால் ஓடிப் போகும்' என்று இன்னொன்று. தாளம் போட்டுச் சொன்னால் ஒரு வாரத்தில் ஏறிவிடும்.

விதிக்கு அடங்காத வார்த்தைகள்தான் தொல்லை. 'நைதர்' என்று ஒன்று, 'ஸீஸ்' என்று ஒன்று. ஸி முன்னால் இல்லாமலே ஈ முந்திக்கொண்டு நிற்கும். துணிக்குச் சாயம் போடுவதைச் சொல்கிற வார்த்தையில் இங் வந்த பிறகும் ஊமை ஈ ஓடாமல் சட்டமாக உட்கார்ந்திருக்கும். இவைகளுக்கு நான் மாப்பிள்ளைகள் என்று பேர் வைத்தேன்.

"மாப்பிள்ளை வந்தா என்ன பண்ணுவோம்? நம்மாத்து ஒழுங்குக்கு அவர் கட்டுப்படுவாரா? ஏன்னு கேக்க முடியுமா? இலையைப் போட்டு உக்கார வெச்சுப் பரிமாற வேண்டியதுதான். அந்த மாதிரி இந்த வார்த்தையெல்லாம். வாயை மூடிண்டு மனப்பாடம் பண்ணுங்கோ!"

மூன்று குழந்தைகளும் விழுந்து விழுந்து சிரிக்கும். என் பெண் அவர்கள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, பிறகு சிரிப்பாள். இப்போது எழுதும்போது அது பளிச்சென்று தெரிகிறது. அப்போது, நம் பெண்ணுக்குக் கூச்சம் ஜாஸ்தி என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

மத்தியான வகுப்பில் அவள் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிடுவாள். மற்ற மூன்றையும்விட நன்றாகவே எழுதுவாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், சொல்லி முடிப்பதற்குள் பலப்பம் ஸ்லேட்டில் ஓடும். எனக்குப் பூரித்துப் போகும். சண்டையெல்லாம் காலையில்தான்.

காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். முழங்காலுக்கு நடுவில் அவளை முதுகு காட்டி உட்கார வைத்துக்கொண்டு, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, மூன்று கால் எடுத்துப் பின்னுவதற்குக் கால் மணி ஆகும். நீளமான மயிர் அவளுக்கு. அந்தக் கால் மணியை வீணாக்குவானேன் என்று ஸ்பெல்லிங் கேட்பேன். நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்பேன். கை பின்னிக்கொண்டிருக்கும், வாய் கேட்டுக்கொண்டிருக்கும். கும்பகோணத்தில் என் அம்மாவும் இப்படித்தான் தலை பின்னும்போது எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். எங்கள் பெண்டுகளுக்குக் குழந்தையோடு உட்கார அதைவிட்டால் வேறு வேளை ஏது?

மத்தியானம் வெண்ணெயாக வந்த வார்த்தைகள் காலையில் ஒன்றும் வராது. 'பிலீவ்' கேட்டால் 'ரிசீவ்' சொல்லுவாள். 'பீஸ்' கேட்டால் 'நீஸ்' சொல்லுவாள். முதலில் தப்பாகவாவது சொல்லிக்கொண்டிருந்தாள். பூஜை நெருங்க நெருங்க வாயையே திறப்பதில்லை. கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

"சொல்லேண்டி! வாயில என்ன கொழுக்கட்டையா?"

பதில் வராது. நடு மண்டையில் ஒரு குட்டு. அதற்கும் வராவிட்டால் காதைப் பிடித்துத் திருகுவேன். ஒரு நாள் வண்டிக்கு நேரமாகிவிட்ட ஆத்திரத்தில், பின்னலை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் கன்னத்தையும் காதையும் சேர்த்து ஒரு அறை வைத்தேன். அவள் அழவில்லை. தோளை மட்டும் குறுக்கிக்கொண்டாள். அந்த அழாத்தனம்தான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பிற்று.

"செவிடன் காதில சங்கு ஊதினாப்பல இருக்கு! மத்தவா முன்னால எழுதத் தெரியறது, அம்மா தனியாக் கேட்டா மட்டும் திமிர்!"

அந்தப் பழமொழியை அதற்கப்புறம் நான் வாயில் எடுத்ததில்லை.

ஒரு நாள் மாஷிமா மாடிப்படியில் என்னை நிறுத்தி, உன் பெண்ணுக்குத் தலைக்கனம் அதிகம், முற்றத்தில் நின்றுகொண்டு நாலு தரம் கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றாள். என் பெண்ணை நான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கீழ் வீட்டுக்காரி சொல்லலாமா? எனக்குத் தெரிந்த வங்காளியில் அவளை ஒரு பிடி பிடித்தேன். அவள் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. அவள் சொன்னதை ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தேனானால்! யோசிக்கத்தான் இல்லையே.

பூஜை வந்தது, மேளச் சத்தம் ஓய்ந்தது, லீவு முடிந்தது. என் பெண் மறுபடி டிக்டேஷன் எழுதினாள். இருபதில் ஆறு. போன தரத்தைவிட ஒன்று குறைவு. 'கவனமில்லை' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் காகிதத்தை அவர் கண்ணில் காட்டவில்லை. அவர் ஆபீஸ் போனதும் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வாடகைக் குதிரை வண்டி பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். என் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் இருபதுக்கு இருபது எழுதுகிற குழந்தை இங்கே ஆறு எழுதினால், குற்றம் இங்கேதான். மதராஸிக் குழந்தை என்று ஓரவஞ்சனை, இல்லாவிட்டால் அந்த டீச்சருக்கு உச்சரிப்பு சரியில்லை.

பெரிய துரைசானி வயசானவள். மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். என் நாலாம் கிளாஸ் இங்கிலீஷில் நான் கொட்டின அத்தனையையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"என் பெண்ணுக்கு எல்லா வார்த்தையும் தெரியும். உங்கள் டீச்சர்தான் சரியில்லை. நீங்களே கேளுங்கள், இப்போதே, என் முன்னாலேயே கேளுங்கள்" என்றேன்.

துரைசானி என் பெண் கையில் சாக்குக் கட்டியைக் கொடுத்துச் சுவரில் இருந்த கரும்பலகையைக் காட்டினாள். பெண் போய்ப் பலகையைப் பார்த்து நின்றாள். துரைசானி அவள் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னாள். என் பெண் எழுதவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். எழுதவில்லை. சாக்குக் கட்டியை உயர்த்திப் பிடித்தபடி, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருக்கிற மாதிரி நின்றாள்.

"எழுதேண்டி!" என்று நான் தமிழில் கத்தினேன். "மானத்தை வாங்கறயே!"

துரைசானி என்னைக் கையமர்த்தினாள். மேஜைமேல் இருந்த பித்தளைக் கைமணியை எடுத்துக்கொண்டு எழுந்து போய், என் பெண்ணின் தலைக்கு இரண்டு சாண் பின்னால் நின்று ஓங்கி அடித்தாள். வராந்தாவில் வேலைக்காரி ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு நாற்காலியில் தூக்கிப் போட்டது. என் பெண் அசையவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு, மரியாதையாக, கட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

துரைசானி அவளைத் தோளைத் தொட்டுத் திருப்பினாள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, அதே இருபது வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். என் பெண் அந்த உதட்டைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் எழுதினாள். பத்தொன்பது சரி. ஒரே ஒரு மாப்பிள்ளை மட்டும் தவறிவிட்டது.

"ஐந்தாம் கிளாஸில் முதல் பெஞ்சில் உட்காரட்டும். அவள் முகத்தைப் பார்த்துப் பேசும்படி நான் டீச்சரிடம் சொல்கிறேன். முதலில் இவளை டாக்டரிடம் காட்டுங்கள்" என்றாள் துரைசானி. என் பெண் பாஸ் பண்ணிவிட்டோம் என்று தெரிந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டர் வங்காளி. காதுக்குள் குழல் வைத்துப் பார்த்தார். எப்போதாவது கடும் ஜுரம் வந்ததா என்றார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மணல்வாரி அம்மை போட்டது என்றேன். காதில் சீழ் வந்ததா? வந்தது, மழைக்காலத்தில். என்ன செய்தீர்கள்? பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி விட்டேன். அதற்கப்புறம்? செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்க்கும்போது இரண்டு காதிலும் இரண்டு சொட்டு, தவறாமல். எல்லாரும் விடுகிறதுதானே?

டாக்டர் குழலைக் கீழே வைத்தார். ஜுரத்தினாலேயே இருக்கலாம், இனி எண்ணெய் விடவேண்டாம், போனது திரும்பாது என்றார். அடித்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா, தெரியாது. ஜுரமா, எண்ணெயா, என் கையா? அந்தக் கேள்வியை நான் எத்தனையோ வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது?

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துரைசானி பாஸ் போட்டதை முதலில் சொன்னேன், காதைப் பிறகு சொன்னேன். அவர் முதலாவதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வெகு நேரம் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சுடுத்து. அங்கேருந்து நம்மவா குழந்தைகள் மூலமா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா இவளை எவன் பண்ணிப்பான்?" என்றார்.

"பாஸ் பண்ணினா படிக்கட்டும்னு சொன்னேளே."

"சொன்னேன். அப்போ காது இருந்தது."

நான் சண்டைக்காரி என்று ஊருக்கே தெரியும். பால்காரனோடு போட்டேன், மாஷிமாவோடு போட்டேன், துரைசானியோடு போடப் போனேன். போட்டே ஆக வேண்டிய அந்த ஒரு சண்டையை நான் போடவில்லை. அடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு நான் யாரைக் கேட்கிறது? அதோடு எனக்கும் பயம். அவர் சொன்ன பயம்தான். நாத்தனாருக்குப் பதில் போயிற்று. அதில் காதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அடுத்த இரண்டு மாசம் நான் அவளுக்கு வேறொரு பாடம் நடத்தினேன். பேசுகிறவர்களுக்கு எதிரே போய் நில். உதட்டைப் பார். புரியாவிட்டால் தலையைக் குனிந்துகொள், வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். எல்லாரும் சிரித்தால் நீயும் சிரி. இந்தக் கடைசிப் பாடம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மற்றதையும் கெட்டிக்காரியாகக் கற்றுக்கொண்டாள். கல்யாணத்தில் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு கண்டுபிடித்தார்கள். கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? ஏமாற்றிவிட்டீர்கள் என்று சம்பந்தி எழுதின கடிதாசியை அவர் எனக்குக் காட்டாமல் கிழித்துப் போட்டார். பெண்ணைத் திருப்பி அனுப்பவில்லை, அந்த மட்டும் நல்லவர்கள். அடுப்பங்கரையில் இருக்கிறாள். மாசம் ஒரு கார்டு எழுதுவாள், முத்து முத்தான எழுத்தில், ஒரு பிழை இருக்காது. சௌக்கியம் என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்காது.

இதெல்லாம் பிற்பாடு. கும்பகோணத்துக்கு ரயில் ஏறின அன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

மூட்டையெல்லாம் கட்டியாயிற்று. தலை பின்னிவிட அவளைக் கூப்பிட்டேன், கையை ஆட்டித்தான். வழக்கம் போல வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எனக்குத் தாங்கவில்லை. தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"காது கேக்கலைன்னு ஏண்டி அம்மாகிட்ட சொல்லலை?" என்று மெதுவாக, வாயைத் திறந்து திறந்து கேட்டேன்.

யோசித்தாள். "எனக்குத் தெரியலையே அம்மா. எல்லாரும் மெல்லப் பேசறான்னு நெனச்சேன்."

"தலை பின்னறபோது அம்மா கேப்பேனே, ஸ்பெல்லிங். அப்பவாவது சொல்லியிருக்கலாமேடி."

"மொதல்ல கேப்பே" என்றாள். "அப்பறம் நீ கேக்கறதையே நிறுத்திட்டே. சும்மா பின்னுவே, நடுநடுவில அடிப்பே."

"ஏன் அடிக்கறேன்னு நீ கேக்கலையே?"

"பெயிலானதுக்குன்னு நெனச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, நேரமாகிறதே என்று தானாகவே திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நான் மூன்று கால் எடுத்துப் பின்ன ஆரம்பித்தேன். அழுகை வந்தது. வாய்விட்டே அழுதேன், கீழே மாஷிமா வீட்டுக்குக் கேட்டிருக்கும். துரைசானி அறையில் அந்த மணி அடித்தபோது நின்ற மாதிரியே அவள் இருந்தாள். தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டு, பின்னி முடிக்கிற வரைக்கும் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.